வாசலில் ஹெர்மெஸ், சரக்கறையில் ஸீயஸ்: கிரேக்கத் தெய்வ வழிபாட்டைத் தொடங்குவோருக்கு

ஆசியாவிலிருந்து, மக்னீசியா நகரத்தைச் சேர்ந்த பெருஞ்செல்வர் ஒருவர், அப்போலோ தெய்வத்தின் குறிசொல்லும் கோயில் இருந்த டெல்ஃபிக்கு வந்த கதையைக் கி.பி. 3ஆம் நூற்றாண்டின் தத்துவ அறிஞர் போர்ஃபிரி பதிவு செய்திருக்கிறார். ஆண்டுதோறும் ஏராளமான மாடுகளைப் பலியிட்டுவந்த அந்தச் செல்வர், தெய்வங்களை எல்லோரிலும் சிறப்பாக வழிபடுபவர் யார் என்று கேட்டார். தன் பெயரே வரும் என்ற எண்ணத்தில்தான் கேட்டார். ஆனால் ஆர்க்கேடியா மலைநாட்டில் மெத்திட்ரியம் என்னும் சிற்றூரில் வாழும் கிளியார்க்கஸ் என்று விடை வந்தது. திகைத்துப்போய் அந்த ஊருக்கே சென்று விசாரித்தபோது, கிளியார்க்கஸ் சொன்னது மிக எளிமையாக இருந்தது. மாதந்தோறும் பிறை தோன்றும் நாளில், முன்னோர் விட்டுச்சென்ற ஹெர்மெஸ், ஹெகடே உருவங்களைத் துடைத்து மாலை சூட்டுவார். தூபமும் பார்லி மாவுப் பணியாரமும் படைப்பார். ஆண்டின் பொதுத் திருவிழாக்களில் ஒன்றையும் தவறவிட மாட்டார். மாடு வெட்டுவதில்லை, கையில் இருப்பதைப் படைப்பார்.

பண்டைய கிரேக்கத் தெய்வங்களை இன்று வழிபட விரும்பிப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் மக்னீசியச் செல்வரைப் போலவே தொடங்குகிறார்கள். பன்னிரண்டு சிலைகள், பித்தளைத் தட்டுகள், விலையுயர்ந்த மெழுகுவர்த்திகள் என எல்லாவற்றையும் முதல் வாரத்திலேயே வாங்கிக் குவித்துவிட்டு, மூன்றாவது மாதத்தில் அவற்றின்மேல் தூசி படிய விட்டுவிடுகிறார்கள். இக்கட்டுரை கிளியார்க்கஸின் வழியில், வீட்டிலிருந்து, சிறியதிலிருந்து, மாதம் தவறாத ஒழுங்கிலிருந்து தொடங்குவதற்கான வழிமுறைகளைச் சொல்கிறது.

எதைத் தொடங்குகிறோம் என்று அறிதல்

இந்த வழிபாட்டுக்கு நிறுவியவர் என்று ஒருவர் இல்லை, வேதநூல் இல்லை, நம்பிக்கை அறிக்கையும் இல்லை. ஹோமரின் காவியங்களும் ஹெசியடின் பாடல்களும் எல்லோரும் அறிந்தவையாக இருந்தனவேயன்றி, அவற்றை நம்பினால்தான் வழிபடலாம் என்ற நிலை எக்காலத்திலும் இருந்ததில்லை. திருட்டையும் கள்ள உறவையும் ஏமாற்றுதலையும் தெய்வங்களின்மேல் ஏற்றிவிட்டார்கள் என்று அவ்விருவரையும் கடிந்த செனோஃபனீஸ் போன்ற சிந்தனையாளர்கள் கி.மு. 6ஆம் நூற்றாண்டிலேயே இருந்தார்கள். ஆகவே புராணக் கதைகளை எப்படிப் புரிந்துகொள்வது என்ற கேள்விக்கு முதலில் தீர்வு கண்டுவிட்டுத்தான் வழிபாட்டைத் தொடங்க வேண்டும் என்பதில்லை. இங்கே மையமாக இருப்பது செயல். அச்செயலுக்கு உயிரூட்டும் கருத்தைக் கிரேக்கர்கள் ‘காரிஸ்’ என்றார்கள்: கொடுத்தலும் பெறுதலும் நன்றி கூறி மீண்டும் கொடுத்தலுமாக, தெய்வத்துக்கும் மனிதருக்கும் இடையே தொடர்ந்து ஓடும் நல்லுறவு.

கி.பி. 361 முதல் 363 வரை ஆண்ட ஜூலியனே பழைய தெய்வங்களைப் போற்றிய கடைசி ரோமப் பேரரசர். பேரரசர் தியோடோசியஸ் காலத்தில் 391, 392ஆம் ஆண்டுகளில் வந்த சட்டங்கள் கோயில் வழிபாட்டை மூடியதோடு நிற்கவில்லை. 392இன் சட்டம் வீட்டுக்குள் வீட்டுத் தெய்வங்களுக்காக விளக்கேற்றுவதையும் தூபமிடுவதையும் மாலை தொங்கவிடுவதையும்கூடத் தடை செய்தது. பேரரசு அஞ்சிய அளவுக்கு அந்தச் சிறு விளக்குகளில் வலிமை இருந்திருக்கிறது. இன்றைய கிரேக்கத்தில் பழைய வழிபாட்டை மீட்டெடுக்கும் குழுக்களில் பெரிதும் அறியப்பட்டதான ‘கிரேக்கத் தேசிய மரபினரின் உயர் மன்றம்’ 1997இல் தோன்றியது. 2017இல் கிரேக்க அரசு இச்சமயத்தை ‘அறியப்பட்ட சமயம்’ என்று ஏற்றுக்கொண்டது. அந்நாட்டு அரசியலமைப்பு வழிபாட்டு உரிமையை ‘அறியப்பட்ட’ சமயங்களுக்கே உறுதி செய்வதால், அச்சொல்லுக்குச் சட்டத்தில் பெரும் எடை உண்டு.

வழிபாட்டு முறைகள் ஊருக்கு ஊர் வேறுபட்டன. ஸ்பார்ட்டாவின் மாதப் பெயர்களும் திருவிழாக்களும் ஏதென்ஸுக்குப் பொருந்தா. எல்லா ஊர்களிலிருந்தும் ஒவ்வொன்றாக எடுத்துக் கலப்பதைவிட, ஒரே ஊரின் முறையைப் பிடித்துக்கொள்வது தொடங்குபவருக்குத் தெளிவைத் தரும். நமக்கு மிகுதியான சான்றுகள் கிடைத்திருப்பது ஏதென்ஸிலிருந்து என்பதால் கீழே பெரும்பாலும் அவ்வூர் முறையையே பின்பற்றுகிறேன்.

முதல் படி: வீட்டில் யாருக்கு எங்கே இடம்

ஏதென்ஸில் ஆர்க்கன் என்னும் உயர் ஆட்சிப் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவரிடம், பொறுப்பேற்குமுன் சில கேள்விகள் கேட்கப்பட்டன. தந்தை யார், தாய் யார் என்ற கேள்விகளுக்குப் பின், ‘உன் குடும்பத்துக்கு முன்னோர் தெய்வமான அப்போலோ பட்ரோயஸும் வேலிக் காவலரான ஸீயஸ் ஹெர்க்கியஸும் உண்டா? அவர்களுடைய வழிபாட்டிடங்கள் எங்கே இருக்கின்றன?’ என்று கேட்டார்கள். குடும்பக் கல்லறைகள் எங்கே, பெற்றோரை நன்றாக வைத்திருக்கிறாயா, வரி கட்டுகிறாயா என்பவை அதன் பின்னரே வந்தன. ‘தெய்வத்தை நம்புகிறாயா’ என்று யாரும் கேட்கவில்லை. ‘எங்கே வைத்திருக்கிறாய்’ என்பதே கேள்வி.

ஆகவே வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். அடுப்பும் நெருப்பும் ஹெஸ்டியாவுக்கு உரியவை. சரக்கறை ஸீயஸ் க்டேசியஸ் என்னும் உடைமைக் காவலருக்கும், முற்றமும் சுற்றுவேலியும் ஸீயஸ் ஹெர்க்கியஸுக்கும், தெருவாசல் அப்போலோ அகியெயஸுக்கும் உரியவை. அப்போலோவை அங்கே உருவமாக அன்றி நுனி கூர்ந்த ஒரு தூணாகவே நிறுத்தினார்கள். வாசலுக்கு வெளியே ஹெர்மெஸும் ஹெகடேயும் காவல் நின்றார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் முற்றமும் வேலியும் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். கதவுக்கு அருகே ஒரு சிறிய கல்லும் சமையலறையில் ஒரு விளக்கும் தொடக்கத்துக்குப் போதும்.

முதல் மாதம் முழுவதும் ஹெஸ்டியா ஒருவரை மட்டும் வழிபடுங்கள் என்பதே என் பரிந்துரை. பழைய துதிப்பாடல் ஒன்று, விருந்தில் முதலும் கடைசியுமாக ஹெஸ்டியாவுக்கு இனிய மது வார்க்கப்படாமல் மனிதர்க்கு விருந்தே இல்லை என்கிறது. புதிதாகப் பிறந்த குழந்தையை வீட்டின் நெருப்பைச் சுற்றித் தூக்கிச் சென்றும், புதுமணப்பெண்ணை அந்நெருப்பருகே அமர்த்தி உலர்பழங்களையும் கொட்டைகளையும் தலைமேல் தூவியும் குடும்பத்தில் சேர்த்துக்கொண்டார்கள். காலையில் அடுப்பைப் பற்றவைக்கும்போது அவர் பெயரைச் சொல்வதும், முதல் கவளத்தில் ஒரு துளியை ஒதுக்கி வைப்பதும் இரண்டு நிமிட வேலைதான். அதை முப்பது நாள் விடாமல் செய்ய இயலுகிறதா என்று பார்ப்பதே உண்மையான நுழைவுத் தேர்வு.

இரண்டாம் படி: பீடம்

கிரேக்கக் கோயில் என்பது தெய்வ உருவமும் காணிக்கைகளும் இருக்கும் இல்லம். வழிபாடு நடந்தது அதற்கு வெளியே, திறந்த வெளியில் இருந்த பலிபீடத்தில். சிலை இல்லாத வழிபாட்டிடம் உண்டு, பீடம் இல்லாத வழிபாட்டிடம் அரிது. எனவே பணம் குறைவாக இருப்பவர் சிலையை மறந்துவிட்டு, தட்டையான ஒரு கல்லையோ தடித்த மண்தட்டையோ தேடட்டும். இதனுடன் தூபக்கால் ஒன்று, கைகழுவ ஒரு கிண்ணம், வார்க்க ஒரு சிறு குடுவை, வார்த்ததை ஏற்க அகன்ற ஒரு பாத்திரம், ஒரு பிடி பார்லி, நல்லெண்ணெய் அல்லது ஒலிவ எண்ணெய் விளக்கு ஆகியவை போதும்.

தூபத்துக்குக் குந்திரிக்கப் பிசின் எல்லாத் தெய்வங்களுக்கும் பொருந்தும். புராணப் பாடகர் ஆர்ஃபியஸின் பெயரால் வழங்கும் 87 துதிப்பாடல்களின் தலைப்புகளில் எந்தத் தெய்வத்துக்கு எந்தத் தூபம் என்ற குறிப்புகள் உண்டு. ஹெர்மெஸுக்குக் குந்திரிக்கம், போஸிடானுக்கு வெள்ளைப்போளம், பூமித்தாய்க்கு அவரையினம் தவிர்த்த எல்லா விதைகளும் நறுமணப் பொருள்களும் என அவை விவரமாகச் செல்கின்றன. அவை ஏதென்ஸின் வீட்டு முறை அல்ல, பிற்காலத்தில் வழிபாட்டுக் குழு ஒன்று பயன்படுத்திய நூல். ஆனாலும் தூபத்தில் நாட்டம் உள்ளவர்க்கு நல்ல துணை.

கரித்துண்டில் பிசினை இடும்போது தூபக்காலின் அடியில் மணல் பரப்பி வையுங்கள். சன்னலைத் திறந்து வையுங்கள். புகை உணர்கருவி பொருத்திய வாடகை வீடாக இருந்தால் தூபத்தை வெளிமாடத்தில் இடுங்கள். எரியும் நெருப்பை விட்டு அகலாதீர்கள்.

மூன்றாம் படி: கைநீர்

விடியற்காலையில் கழுவாத கைகளால் ஸீயஸுக்கோ மற்றத் தெய்வங்களுக்கோ மது வார்க்காதே, அவர்கள் உன் வேண்டுதலைக் கேளாமல் விலக்கிவிடுவார்கள் என்று ஹெசியட் எச்சரிக்கிறார். கோயில் வாசல்களில் உயர்ந்த கால்களின்மேல் அகன்ற கல் கிண்ணங்கள் நீரோடு இருந்தன. பலிக்கு முன் கைகழுவும் நீரைக் ‘கெர்னிப்ஸ்’ என்றார்கள். பீடத்தில் எரியும் கொள்ளி ஒன்றை நீரில் தோய்த்து அதை ஆக்கும் வழக்கத்தை நாடகங்களில் காண்கிறோம். வீட்டில், தூய நீர் உள்ள கிண்ணத்தில் எரியும் ஒரு சிறு குச்சியையோ காய்ந்த இலையையோ அணைத்து அந்நீரில் கைகழுவி, முகத்தின்மேலும் பீடத்தின்மேலும் சில துளிகள் தெளித்தால் போதும். அந்த நீரை அடுத்த முறைக்கு எடுத்து வைக்க வேண்டாம்.

‘மியாஸ்மா’ என்ற சொல்லைத் தமிழில் ‘தீட்டு’ என்று பெயர்க்கத் தோன்றும். நானும் வேறு நல்ல சொல் இல்லாமல் சில சமயம் அப்படியே சொல்கிறேன். ஆனால் தமிழில் அச்சொல் சுமக்கும் சாதிக் கொடுமை எதையும் இங்கே கொண்டுவரக் கூடாது. மியாஸ்மா பிறப்பால் ஒருவரிடம் ஒட்டியிருப்பது அல்ல. இறப்பு, பிரசவம், உடலுறவு போன்றவற்றுக்குப் பின் எல்லோருக்கும் வருவது, குளியலும் சில நாள்களும் கடந்தால் போவது. சாவு நேர்ந்த வீட்டின் வாசலில் வெளியேறுபவர்கள் தெளித்துக்கொள்ளப் பக்கத்து வீட்டு நீர் வைக்கப்பட்டது. வட ஆப்பிரிக்காவில் கிரேக்கர் நிறுவிய சிரீன் நகரத்தின் விதிகள் பிரசவம் நடந்த வீட்டில் இருந்தவருக்கு மூன்று நாள் விலக்கு என்கின்றன. செவ்வியல் காலக் கிரேக்க நகரங்களின் விதிகளில் மாதவிலக்கு பொதுவாக இடம்பெறுவதே இல்லை என்பதை, வேறு பழக்கங்களில் வளர்ந்து அஞ்சிக்கொண்டிருப்பவர்களுக்காகத் தனியே குறிப்பிடுகிறேன். எபிடாரஸில் நோய்தீர்க்கும் தெய்வமான அஸ்கிலேப்பியஸின் கோயில் வாசலில், உள்ளே வருபவர் தூயவராக இருக்க வேண்டும், தூய்மை என்பது நல்லவற்றை நினைத்தல் என்று பொறித்திருந்தார்கள்.

நான்காம் படி: ஒரு வழிபாட்டின் ஒழுங்கு

குளித்து, தூய ஆடை உடுத்தி, முடிந்தால் தலையில் இலைமாலை ஒன்றைச் சூடிக்கொள்ளுங்கள். கிரேக்க வழிபாட்டில் மாலை தெய்வத்துக்கு மட்டுமன்றி வழிபடுபவருக்கும் உரியது. சில அடிகளாவது நடந்து பீடத்தை அணுகுங்கள், ஏனெனில் ஊர்வலமும் வழிபாட்டின் பகுதியே. கைகழுவிய பின், நல்ல சொற்களை மட்டுமே பேசவேண்டும் என்று மனத்துக்குள் ஒரு கட்டளை இட்டுக்கொண்டு சற்று அமைதியாக நில்லுங்கள். விளக்கை ஏற்றி ஹெஸ்டியாவின் பெயரை முதலில் சொல்லுங்கள். பார்லி மணிகளைப் பீடத்தின்மேல் தூவுங்கள். அன்றைய தெய்வத்துக்கான துதிப்பாடலைச் சொல்லி, பின் வேண்டுதலைச் சொல்லி, படையலை இட்டு, பானத்தை வாருங்கள். நன்றி கூறி, கடைசியாக மீண்டும் ஹெஸ்டியாவுக்கு ஒரு துளி வார்த்து முடியுங்கள்.

நின்றுகொண்டே வேண்டுங்கள். மண்டியிடுதலும் நெடுஞ்சாண்கிடையாக விழுதலும் கிரேக்கர்களுக்கு இயல்பானவையாக இருக்கவில்லை. நெருக்கடியில் தவிக்கும் மனிதரின் செயலாகவே அவை பார்க்கப்பட்டன. வானத்துத் தெய்வங்களுக்கு இரு கைகளையும் உயர்த்தி உள்ளங்கைகளை மேல்நோக்கி வையுங்கள். கடல் தெய்வங்களுக்குக் கடலை நோக்கி நீட்டுங்கள். பாதாளத் தெய்வங்களுக்குக் கைகள் நிலத்தை நோக்கட்டும். கைகூப்பிப் பழகியவர்க்கு இது முதலில் அரங்க நடிப்புப் போலத் தோன்றலாம். பத்து நாளில் பழகிவிடும்.

ஐந்தாம் படி: வேண்டுதலைக் கட்டும் விதம்

இலியட்டின் தொடக்கத்திலேயே நமக்கு ஒரு முன்மாதிரி கிடைக்கிறது. கிரேக்கப் படையிடம் மகளைப் பறிகொடுத்த பூசகர் கிரைசஸ் கடற்கரையில் தனியே நடந்து அப்போலோவை அழைக்கிறார். முதலில் அழைப்பு: வெள்ளி வில்லை உடையவரே, கிரைசேயையும் கில்லாவையும் காப்பவரே, டெனடோஸை ஆள்பவரே, ஸ்மின்தியஸே. அடுத்து உறவை நினைவூட்டல்: எப்போதேனும் உமக்குக் கோயில் கூரை வேய்ந்திருந்தால், கொழுத்த தொடைகளை உமக்காக எரித்திருந்தால். இறுதியில் கேட்பது, ஒரே வரியில்: என் கண்ணீருக்குக் கிரேக்கர்கள் உம் அம்புகளால் விலை கொடுக்கட்டும். அழைப்பு, நினைவூட்டல், கோரிக்கை என்ற இந்த மூன்று கட்டமைப்பை வைத்து உங்கள் சொந்தச் சொற்களில், தமிழிலேயே வேண்டுதலை எழுதிக்கொள்ளலாம். புதிதாக வருபவருக்கு நினைவூட்ட முந்தைய படையல் இருக்காது என்பதால், முதல் சில வாரங்கள் எதையும் கேட்காமல் வாழ்த்தி மட்டும் நிறுத்துவது மரபின் போக்குக்கு இசைந்ததாக இருக்கும்.

அழைப்பில் வரும் அடைமொழிகள் அலங்காரம் அல்ல என்பதைக் காட்ட ஒரு நிகழ்ச்சி போதும். பாரசீகத்துக்குள் சென்ற படையெடுப்பிலிருந்து பத்தாயிரம் கிரேக்கக் கூலிப்படை வீரர்களை மீட்டு வந்த செனோஃபோன், கடைசியில் கைச்செலவுக்குக்கூடப் பணமில்லாமல் நின்றார். வழி முழுவதும் ‘அரசர் ஸீயஸுக்கு’ அவர் பலி கொடுத்துவந்தவர்தான். அவரைச் சந்தித்த குறிசொல்பவர் ஒருவர், தடையாக நிற்பவர் ஸீயஸ் மெய்லிக்கியஸ், வீட்டில் இருந்தபோது செய்தது போல அவருக்குப் பலியிட்டாயா என்று கேட்டார். ஊரைவிட்டுக் கிளம்பியதிலிருந்து இல்லை என்றார் செனோஃபோன். மறுநாள் தம் முன்னோர் முறைப்படி பன்றிகளை முழுவதுமாக எரித்துப் படைத்தார். அன்றே பணம் வந்து சேர்ந்தது, விற்றுவிட்ட குதிரையும் திரும்பக் கிடைத்தது. ஸீயஸ் ஒருவரே, ஆனால் அரசராக அவரை அழைப்பது வேறு, சாந்தப்படுத்த வேண்டியவராக அழைப்பது வேறு. கைத்தொழில் தொடர்பான வேண்டுதலை அதீனா எர்கனேயிடமும், நகரத்தின் நலனை அதீனா போலியஸிடமும் வையுங்கள்.

ஆறாம் படி: வார்ப்பதும் படைப்பதும்

பானத்தை வார்த்துப் படைப்பதில் இரு வகை உண்டு. ‘ஸ்பொண்டே’ என்பது சிறிது வார்த்துவிட்டு மீதியை நீங்களே அருந்துவது. வானத்துத் தெய்வங்களுடன் ஒரே பந்தியில் இருப்பதுபோல. ‘கொஏ’ என்பது முழுவதையும் நிலத்தில் ஊற்றிவிடுவது. அது இறந்தவர்க்கும் பாதாளத் தெய்வங்களுக்கும் உரியது, அதிலிருந்து ஒரு வாய்கூட நமக்கு இல்லை. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் தொடங்குபவர்கள் செய்யும் பெரிய பிழை.

மது என்றால் நீர் கலந்த திராட்சை மது. யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த நறுந்தேறலைப் பாண்டியனுக்கு வாழ்த்தாகச் சொல்லும் புறநானூற்றுப் பாட்டு நினைவிருக்கிறவர்களுக்கு, மேற்கிலிருந்து வந்த இப்பானம் நம் இலக்கியத்துக்கு அந்நியம் அல்ல என்று தெரியும். எனினும் மது அருந்தாதவர்கள் தயங்க வேண்டியதில்லை. ஏதென்ஸிலேயே மது இல்லாத வார்ப்புகளைப் பெற்ற தெய்வங்கள் பலர்: கலைத் தேவியர், நினைவின் தெய்வமான நெமோசைனி, சூரியன், நிலவு, வைகறை, நீரணங்குகள், வான அப்ரோடைட்டி. தேன் கலந்த நீரும் பாலும் அவர்களுக்குப் போதுமானவை. மற்றத் தெய்வங்களுக்கும் உங்களால் இயன்றதையே படையுங்கள். ‘உன் ஆற்றலுக்கு ஏற்ப’ என்ற ஹெசியடின் சொல்லைச் சாக்ரட்டீஸ் நல்லுரையாக எடுத்துக்காட்டியதாகச் செனோஃபோன் சொல்கிறார்.

விலங்குப் பலியைப் பற்றி எப்போதும் கேள்வி வரும். பண்டைக் கிரேக்கத்தில் அது பொது வழிபாட்டின் மையம். கொழுப்பில் பொதிந்த தொடையெலும்புகள் தெய்வத்துக்கு எரிய, இறைச்சி ஊராருக்கு விருந்தானது. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் வீட்டில் புதிதாகத் தொடங்கும் ஒருவருக்கு அதில் எந்தத் தேவையும் இல்லை, தகுதியும் இல்லை. ஸீயஸ் மெய்லிக்கியஸின் டயாசியா திருவிழாவில் பலர் விலங்கு வடிவில் செய்த மாவுப் பணியாரங்களைப் படைத்தார்கள் என்பது பழைய முறையே தரும் மாற்று. படைத்த உணவை என்ன செய்வது? வானத்துத் தெய்வங்களுக்கு இட்டதில் ஒரு பகுதியை எரித்துவிட்டு மீதியை உண்ணலாம். ஹெஸ்டியாவுக்குப் படைத்ததை வீட்டாரே உண்ண வேண்டும், வெளியாருக்குக் கொடுப்பதில்லை. யாருக்கும் எதையும் பகிராதவரை ‘ஹெஸ்டியாவுக்குப் பலியிடுகிறார்’ என்று பழமொழியாகவே சொன்னார்கள்.

ஏழாம் படி: சரக்கறைக் குடுவை

முதல் மாதம் ஒழுங்காகக் கழிந்தபின் இதைச் செய்யலாம். எல்லா வீட்டு வழிபாடுகளிலும் எனக்கு மிகப் பிடித்தது இதுவே, ஏனெனில் செய்முறைக் குறிப்பே நமக்குக் கிடைத்திருக்கிறது. ஸீயஸ் க்டேசியஸை நிறுவ, மூடியும் இரு காதுகளும் உள்ள புதிய சிறு குடுவை ஒன்றை எடுத்து, காதுகளில் வெள்ளைக் கம்பளி நூலைச் சுற்றி, குங்குமப்பூ நிற நூலையும் சூட்டி, உள்ளே ‘அம்ப்ரோசியா’வை இடவேண்டும். அது என்னவென்றால் தூய நீர், ஒலிவ எண்ணெய், பலவகைக் கனிகளும் விதைகளும் கலந்தது. அவ்வளவுதான். இடியேந்திய ஸீயஸ் இங்கே ஒரு மூடி போட்ட சாடியாக, பருப்புக்கும் மாவுக்கும் நடுவே அமர்ந்திருக்கிறார்.

ஏதென்ஸின் வழக்குரை ஒன்றில், கிரோன் என்ற முதியவரின் பேரன்கள் தாங்கள் உண்மையான வாரிசுகள் என்பதற்குச் சான்றாக இந்த வழிபாட்டைத்தான் காட்டுகிறார்கள். ஸீயஸ் க்டேசியஸுக்குச் செய்யும் பலியில் கிரோன் அடிமைகளையோ வெளியாரையோ சேர்ப்பதில்லை, எல்லாவற்றையும் தாமே செய்வார், ஆனால் எங்களைச் சேர்த்துக்கொண்டார், எங்களுக்கு நலமும் செல்வமும் வேண்டினார் என்கிறார்கள்.

நடைமுறையில், நீரில் கிடக்கும் பழம் சில நாளில் அழுகிப் பூஞ்சை பிடிக்கும். ஆகவே ஒரு மேசைக்கரண்டி நீர், சில துளி எண்ணெய், காய்ந்த தானியங்கள், ஓர் உலர்திராட்சை என்று குறைவாக இடுங்கள்; ஒவ்வொரு மாதப் பிறப்பிலும் பழையதைச் செடியடியில் கொட்டிக் குடுவையைக் கழுவிப் புதிதாக நிரப்புங்கள்.

எட்டாம் படி: மாதச் சுழற்சி

ஏதென்ஸின் மாதம் 29 அல்லது 30 நாள் கொண்ட சந்திர மாதம்; நாள் சூரியன் மறையும்போது தொடங்கும். தினசரி நாள்காட்டியில் அமாவாசை குறித்திருப்பதால் தமிழ் வாசகர்களுக்குக் கணக்கிடுவது எளிது: அமாவாசைக்குப் பின் மேற்கே பிறை கண்ணுக்குத் தெரியும் மாலையில் புதிய மாதத்தின் முதல் நாளான ‘நியூமேனியா’ பிறக்கிறது.

அதற்கு முந்திய கடைசி நாளில் ஹெகடேயின் இரவுணவு. வீட்டைக் கூட்டித் துடைத்து, குப்பையை அகற்றி, முச்சந்தியில் அவருக்கு உணவு வைப்பார்கள். வீட்டார் அதை உண்பதில்லை. பணக்காரர்கள் மாதந்தோறும் வைக்கும் அந்த உணவைக் கீழே வைக்குமுன்பே ஏழைகள் எடுத்துவிடுகிறார்கள் என்று அரிஸ்டோஃபனீஸ் நாடகத்தில் கேலி செய்கிறார். இன்று தெருவில் உணவை வைத்து நாயும் எலியும் சேர விடுவதைவிட, பசித்தவர் ஒருவருக்கு ஒரு வேளை உணவைக் கொடுப்பதே அந்நாளின் நோக்கத்துக்கு நெருக்கமானது. இப்படிச் செய்பவர்கள் இன்று பலர். கடன் வட்டியைக் கட்டவேண்டிய நாளும் இதுதான் என்பதால், நிலுவையில் உள்ள பாக்கிகளைத் தீர்க்கவும் பொருத்தமானது.

நியூமேனியாவில் கிளியார்க்கஸைப் போல உருவங்களைத் துடைத்து மாலையும் தூபமும் இடுங்கள். இரண்டாம் நாள் வீட்டின் நற்காவல் ஆவியான அகதோஸ் டைமோனுக்கு. அவரைப் பாம்பாகத் தீட்டினார்கள். மூன்றாம் நாள் அதீனாவுக்கு, நான்காம் நாள் ஹெர்மெஸுக்கும் அப்ரோடைட்டிக்கும் ஹெராக்ளிஸுக்கும், ஆறாம் நாள் ஆர்ட்டெமிஸுக்கு, ஏழாம் நாள் அப்போலோவுக்கு, எட்டாம் நாள் போஸிடானுக்கு. எல்லா நாளும் எல்லாம் செய்ய முயலாதீர்கள். முதலாண்டில் கடைசி நாள், முதல் நாள், உங்கள் மனம் செல்லும் ஒரு தெய்வத்தின் நாள் என மூன்று போதும்.

ஆண்டுத் திருவிழாக்களில் முதலில் எடுத்துக்கொள்ள எளியது பியனோப்சியா. ஏறக்குறைய அக்டோபரில் வரும் பியனோப்சியன் மாதத்தின் ஏழாம் நாளில், பலவகைப் பயறுகளையும் தானியங்களையும் ஒரே பானையில் வேகவைத்து அப்போலோவுக்குப் படைத்து வீட்டார் உண்பார்கள். கிரீட் தீவிலிருந்து மீண்ட புராண வீரர் தீசியஸும் தோழர்களும் மிஞ்சியிருந்த உணவையெல்லாம் ஒன்றாகக் கலந்து சமைத்துண்டதன் நினைவு அது. கம்பளி நூல் சுற்றிய ஒலிவக் கிளையில் அத்திப்பழமும் ரொட்டியும் கட்டி வாசலில் தொங்கவிடுவார்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

விலக வேண்டியவை

டிமீட்டர் தெய்வத்துக்கு எலூசிஸ் நகரில் நடந்த மறைச்சடங்கை ‘மீட்டுத் தருகிறோம்’ என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். அங்கே தீட்சை பெற்றவர்கள் அதன் உள்ளடக்கத்தை வெளியிடாமல் காத்தார்கள். வெளியிடுவது மரண தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. டிமீட்டரை வழிபட அது தேவையும் இல்லை.

மிகையான அச்சமும் வேண்டாம். தியோஃப்ராஸ்டஸ் வரைந்த மூடபக்தர், எலி கடித்த பார்லி மூட்டைக்காகச் சடங்கு விளக்குநரிடம் ஓடி என்ன செய்வது என்று கேட்பார். தோல் தைப்பவரிடம் கொடுத்துத் தைத்துக்கொள் என்ற அறிவுரையைக் காதில் வாங்காமல் பரிகாரப் பலியிடக் கிளம்புவார். காகம் கத்தினால் எந்தத் தெய்வம் கோபமாக இருக்கிறது என்று தேடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த மூட்டைதான் நினைவுக்கு வருகிறது.

கிரேக்கத்துக்குப் பயணம் செல்பவர்கள் தொல்லியல் இடங்களில் தீ மூட்டவோ கற்களின்மேல் மதுவும் எண்ணெயும் ஊற்றவோ கூடாது. அவை சட்டப்படி காக்கப்படும் சின்னங்கள். 2007இல் ஒரு குழு ஏதென்ஸின் ஒலிம்பிய ஸீயஸ் கோயிலில் தடையை மீறி வழிபாடு நடத்தியது உண்மை. ஆனால் அது அந்நாட்டவர் தம் உரிமைக்காக நடத்திய போராட்டம், சுற்றுலா வந்தவர் பின்பற்றத்தக்கது அல்ல. அங்கே நின்று கைகளை உயர்த்தி மெல்லிய குரலில் துதிப்பதை யாரும் தடுப்பதில்லை. பானத்தை ஊருக்கு வெளியே ஓர் ஆற்றங்கரையில் வார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக நேர்த்திக்கடன். ‘இது நடந்தால் இதைத் தருகிறேன்’ என்று சொல்வது முறையான வழக்கமே, ஆனால் சொல்லுமுன் தரக்கூடியதுதானா என்று கணக்கிடுங்கள். எபிடாரஸில் கி.மு. 4ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள், அஸ்கிலேப்பியஸின் கோயிலில் உறங்கிக் குணமானவர்களைப் பட்டியலிடுகின்றன. தாசோஸ் தீவின் ஹெர்மோன் பார்வை பெற்றபின் காணிக்கையைக் கொண்டுவரவில்லை; தெய்வம் அவரை மீண்டும் குருடராக்கியது; திரும்பி வந்து உறங்கியபோதுதான் மறுபடி குணமாக்கியது. அதே கல்வெட்டுகளில் யூஃபனீஸ் என்ற உள்ளூர்ச் சிறுவனும் வருகிறான். கல்லடைப்பு நோயால் வருந்திய அவன் கனவில் தெய்வம் வந்து, உன்னைக் குணமாக்கினால் எனக்கு என்ன தருவாய் என்று கேட்டது. ஆட்டுக் கணுக்காலெலும்பால் ஆன விளையாட்டுக் காய்கள் பத்துத் தருகிறேன் என்றான். தெய்வம் சிரித்து, நோயை நிறுத்துகிறேன் என்றது. பொழுது விடிந்ததும் அவன் நலமாக வெளியே வந்தான்.